அக்கா மகன் ராணுவத்தில் கேப்டன். வேதத்தின்படி இனி ஆயுதம் எடுக்க மாட்டேன் என்கிறான். வழி உண்டா?

ஐஸ்கம்பெனி மாமா, கடலூர் ஓ.டி.

எல்லோருக்கும் வணக்கம். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் வியாபாரம் செய்கிறவன் நான். சட்டமும் தெரியாது, ராணுவமும் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

என் அக்கா மகன் 2021-ல் பரங்கிமலை அகாடமியில் பயிற்சி முடித்து, குறுகிய காலக் கமிஷனில் அதிகாரியானான். இப்போது பீரங்கிப் படையில் கேப்டன். நாங்கள் ஆற்காடு லுத்தரன் சபை, நாலு தலைமுறையாக. பாஸிங் அவுட் முடிந்து யூனிஃபார்மோடு அவன் கோயிலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் போதகர், ஐயர் என்போம், அவனை முன்னால் அழைத்து ஜெபம் பண்ணினார். அந்தப் போட்டோ மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டு ஷோகேஸில் இருக்கிறது.

2025 மே மாதச் சண்டையின்போது இவன் ஜம்மு பக்கம் எல்லையில் இருந்தான். நான்கு நாள் சண்டைதான், ஆனால் பூஞ்ச் ஊருக்குள்ளேயே குண்டு விழுந்து பொதுமக்கள் செத்தார்கள், பேப்பரில் படித்திருப்பீர்கள். போன மாதம் லீவில் வந்தவன் என்னிடம் கேட்டது இதுதான்: "மாமா, அவன் போட்டது எங்கே விழுந்தது என்று நான் பார்த்தேன். நான் போட்டது எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது." அதற்கு முன்பே ஏதோ ஒரு ஜெபக்குழுவோடு போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். இப்போது மலைப்பிரசங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இயேசுவைப் பின்பற்றுகிறவன் எந்த யுத்தத்திலும் கொல்லக் கூடாது என்கிறான். பாகிஸ்தானோடு என்றாலும் சரி, சீனாவோடு என்றாலும் சரி.

அமெரிக்காவில் மைக்கேல் இஸ்பிக்கி என்று ஒரு கடற்படை அதிகாரி இருந்தாராம். 2008-ல் கடற்படை அகாடமியில் படித்து முடித்து நீர்மூழ்கிப் பயிற்சிக்குப் போனவர். உத்தரவு வந்தால் அணு ஏவுகணையை ஏவுவாயா என்று ஒரு மனநலத் தேர்வில் கேட்டதற்கு, மாட்டேன் என்று எழுதிவிட்டார். அப்புறம் மத நம்பிக்கையின் பேரில் போர் மறுப்பாளர் என்று விண்ணப்பம் போட்டார், கடற்படை மறுத்தது, மறுபடி போட்டார், மறுபடி மறுத்தது, கோர்ட்டுக்குப் போனார், 2011-ல் மரியாதையோடு விடுவித்துவிட்டார்கள். அதேபோல் இங்கேயும் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்கிறான்.

இங்கே அப்படி ஒரு விண்ணப்பம் உண்டா? மருத்துவப் பிரிவு, கல்விப் பிரிவு என்று மாற்றிக் கேட்கலாமா? அடுத்த தடவை உத்தரவு வந்து இவன் முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அக்காவுக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை, பண்ருட்டியில் பேசி வைத்திருக்கிற பெண் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்பது. அதற்கு உங்களிடம் பதில் கேட்கவில்லை.

தேசமே தெய்வம்

ஐந்து வருஷம் சம்பளமும் கேன்டீன் சாமானும் வாங்கும்போது வேதம் எங்கே போயிருந்தது? யாரும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கவில்லையே.

ஐஸ்கம்பெனி மாமா

யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அதனால்தான் அவன் ஓடி வராமல் வழி கேட்கிறான்.

சுபேதார், ஓய்வு, நெல்லிக்குப்பம்

தம்பி, இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு, கடைசிப் பல வருஷம் ஆபீஸ் வேலை. காகிதம் எப்படிப் போகும், எங்கே நிற்கும் என்று தெரியும். அதைச் சொல்கிறேன்.

நம் ராணுவத்தில் போர் மறுப்பாளர் என்று ஒரு பிரிவே கிடையாது. படிவம் கிடையாது, விசாரிக்கும் குழுவும் கிடையாது. கட்டாய ராணுவச் சேவை இல்லாததால் அதற்கு ஒரு விலக்கும் யாரும் எழுதி வைக்கவில்லை. நாம் எல்லோரும் அவரவர் வேதத்தைத் தொட்டுச் சத்தியம் செய்து உள்ளே போகிறோம்: தரை, கடல், ஆகாயம் எங்கே அனுப்பினாலும் போவேன், உயிருக்கு ஆபத்து என்றாலும் மேலதிகாரி உத்தரவுக்குக் கீழ்ப்படிவேன் என்று. உங்கள் பையன் பைபிளைத் தொட்டுத்தான் சொல்லியிருப்பான்.

ஜவானாக இருந்தால் கமாண்டிங் ஆபீசர் மனசு வைத்து ஏதாவது செய்வார். என் யூனிட்டில் ஒரு ஹவில்தார் இப்படித்தான் திடீரென்று பக்தியில் முற்றிப்போய், துப்பாக்கி வேண்டாம் என்று நின்றார். ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஆனாலும் வருஷாந்திர ஃபயரிங் அன்று மைதானத்தில் படுத்துச் சுட்டுத்தான் ஆகவேண்டும். சுட்டார், கண்ணை மூடிக்கொண்டு. ஒன்றும் இலக்கில் படவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரிக்கு அது நடக்காது. அவன் சுடுகிறவன் இல்லை, சுடச் சொல்கிறவன். பின்னால் நூறு பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்கலாம். ஆனால் மருத்துவப் பிரிவு டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும். இவன் அங்கே போக முடியாது. டாக்டர்கூடத் தன்னையும் நோயாளியையும் காப்பாற்றச் சின்ன ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்று ஜெனீவா ஒப்பந்தமே சொல்கிறது. கல்விப் பிரிவிலும் சப்ளை பிரிவிலும் யூனிஃபார்மும் சத்தியமும் அதேதான். எந்த யுத்தமும் வேண்டாம் என்கிறவனுக்குக் குண்டை லாரியில் ஏற்றி அனுப்புவது மட்டும் எப்படிச் சம்மதமாகும்? இதை அவனையே கேளுங்கள். கேலிக்கில்லை, நிஜமாகவே.

மிச்சம் இருப்பது ராஜினாமா. குறுகிய காலக் கமிஷன் முதலில் பத்து வருஷம், வேண்டுமென்றால் இன்னும் நான்கு. அந்த நான்கில் எப்போது வேண்டுமானாலும் கழன்றுகொள்ளலாம். பத்துக்குள் என்றால் கமாண்டிங் ஆபீசர் வழியாக மேலே எழுத வேண்டும், ஏற்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் விருப்பம். ஏற்கிறவரை வேலையைப் பார்த்தே ஆகவேண்டும். அந்த இடைவெளியில்தான் பையன்கள் கெட்டுப்போகிறார்கள், மனசு ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டிருக்கும்.

என் அபிப்பிராயம் ஒன்று. யூனிட் அமைதியான ஸ்டேஷனில் இருக்கும்போது எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லையில் உத்தரவு வந்த பிறகு வாயைத் திறந்தால் அவன் எவ்வளவு யோக்கியனாக இருந்தாலும் பயந்தாங்கொள்ளி என்றுதான் பெயர் வரும். கூட இருப்பவன் உயிரும் போகும்.

வில்லியனூர் வக்கீல்

சுபேதார் ஐயா சொன்னது சரி. சட்டப் பக்கத்தை நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

மத சுதந்திரம் அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவில் இருக்கிறது. ஆனால் 33-வது பிரிவு, படைகளில் இருப்பவர்களுக்கு அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950-ம் வருஷ ராணுவச் சட்டம் அதன் கீழ்தான் நிற்கிறது. அதன் 41-வது பிரிவுதான் கீழ்ப்படியாமைக்கு. மேலதிகாரி நேரில் கொடுத்த சட்டபூர்வமான உத்தரவை வேண்டுமென்றே எதிர்த்தால் 14 வருஷம் வரை சிறை. மற்ற கீழ்ப்படியாமைக்குச் சாதாரண காலத்தில் 5 வருஷம் வரை, களப்பணியில் என்றால் அதற்கும் 14. சொல்லாமல் வீட்டில் வந்து உட்கார்ந்தால் அது ஓடிப்போன குற்றம், 38-வது பிரிவு. களப்பணியில் இருந்து ஓடினால் மரண தண்டனைக்கும் அதில் இடம் உண்டு. லீவு முடிந்ததும் அவர் திரும்பிப் போகவேண்டும், இதில் சமரசமே வேண்டாம்.

நீதிமன்றம் இதை எப்படிப் பார்க்கும் என்பதற்கு நெருக்கமான வழக்கு ஒன்று இருக்கிறது. குதிரைப்படை ரெஜிமெண்ட் ஒன்றில் ஒரு கிறிஸ்தவ லெப்டினன்ட். தன் சீக்கிய ஜவான்களோடு வாராந்திர மத அணிவகுப்புக்குப் போவார், ரெஜிமெண்ட் கோயிலின் கருவறைக்குள் மட்டும் போக மாட்டேன் என்றார். சண்டை போட மறுக்கவே இல்லை, கவனியுங்கள். 2021-ல் ஓய்வூதியம், பணிக்கொடை எதுவும் இல்லாமல் டிஸ்மிஸ். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மே 30-ல் அதை உறுதி செய்தது, உச்ச நீதிமன்றம் நவம்பரில் அவர் மனுவைத் தள்ளியது. மதப் பிரச்சினையாக அல்ல, உத்தரவுக்குக் கீழ்ப்படியாத பிரச்சினையாகவே பார்த்தார்கள். கருவறைக்கே இப்படி என்றால் பீரங்கிக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2016-ல் விமானப்படையில் தாடி வைத்த முஸ்லிம் வீரருக்கும் தோல்விதான்.

அந்த லெப்டினன்ட் வழக்கில் என்னை உறுத்தியது ஒன்று. அவருடைய போதகரே உள்ளே போகலாம் என்று சொல்லியிருந்தார், அதை நீதிபதிகள் அவருக்கு எதிராக எடுத்துக்கொண்டார்கள். அதாவது உன் மனச்சாட்சி என்ன சொல்கிறது என்பதைவிட உன் மதத்துக்கு அது அவசியமா என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. அமெரிக்காவில் 1981-ல் தாமஸ் என்பவரின், யுத்தத்தில் சேராத யெகோவா சாட்சி சபைக்காரரின், வழக்கு வேறு மாதிரி போனது. பீரங்கி வண்டியின் மேற்கூண்டு செய்யும் பகுதிக்கு மாற்றியதால் வேலையை விட்டவர் அவர். கூட வேலை செய்த இன்னொரு யெகோவா சாட்சிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அதனால் என்ன, நம்பிக்கை ஒரே சபைக்காரர்கள் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்று அந்த உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. இங்கே அதை வைத்து வாதாடலாம், ஜெயிப்போம் என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் விஷயத்தில் லுத்தரன் சபை உதவிக்கு வராது. அந்தச் சபையின் அடிப்படை ஆவணமான அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் 16-வது கட்டுரையே, கிறிஸ்தவர் நியாயமான யுத்தத்தில் போர்வீரராக இருக்கலாம் என்கிறது. அரசு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது அதுவாகத்தான் இருக்கும். எந்த யுத்தமும் கூடாது என்கிற மென்னோனைட், குவேக்கர் சபைகள் என்றால் கதை வேறு.

இஸ்பிக்கி கதையையும் அவர் முழுசாகப் புரிந்துகொள்ளட்டும். அங்கே ராணுவத்தில் சேர்ந்த பிறகு மனம் மாறினாலும் விண்ணப்பிக்கலாம். ஆயுதம் ஏந்தாத வேலை போதும் என்றும் கேட்கலாம், முழுசாக விடுவிக்கச் சொல்லியும் கேட்கலாம். பாதிரியார் பேசுவார், மனநல மருத்துவர் பேசுவார், அப்புறம் ஒரு அதிகாரி விசாரிப்பார். எல்லா யுத்தத்துக்கும் எதிர்ப்பு என்று நிரூபிக்கவேண்டும். இந்த ஒரு யுத்தம் மட்டும் தப்பு என்றால் 1971-லேயே அவர்கள் உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. இது அவர்கள் நாட்டு விதி, இங்கே ஒரு ஜெராக்ஸ் போட்டு இணைத்தால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

செய்யவேண்டியது இதுதான். ராஜினாமா எழுதட்டும், காரணத்தை மறைக்காமல் இரண்டு வரியில் எழுதட்டும், பிரசங்கம் வேண்டாம், இனி உத்தரவுக்குக் கீழ்ப்படிய மாட்டேன் என்ற வாக்கியம் கண்டிப்பாக வேண்டாம். மறுத்தால் 27-வது பிரிவில் மத்திய அரசுக்கு முறையீடு. அதுவும் போனால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது.

சொல்தா மகன், புதுச்சேரி

வக்கீல் சார் எழுதியதைப் படித்ததும் என் பங்குக்கு ஒன்று சொல்லவேண்டும் என்று தோன்றியது. எங்கள் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். நவம்பர் 11 அன்று பீச் ரோடு போர் நினைவுச் சின்னத்தில் மெடல் குத்திக்கொண்டு நிற்பார்.

நானும் பிரெஞ்சுக் குடியுரிமை என்பதால் எண்பதுகளில் பிரான்சுக்குப் போய்க் கட்டாயச் சேவை செய்தேன், பன்னிரண்டு மாதம். என்னோடு சேரவேண்டிய ஒரு பிரெஞ்சுப் பையன் மறுப்பாளராகப் பதிந்து முதியோர் இல்லத்தில் மலச்சட்டி எடுத்தான், இருபத்துநான்கு மாதம். மறுப்பவனுக்கு இரண்டு மடங்கு என்பது சட்டம். அந்தச் சட்டம் 1963 டிசம்பரில் வந்தது. அதற்கு முன்பு மறுத்தவர்கள் ஜெயிலில் இருந்தார்கள், பெரும்பாலும் யெகோவா சாட்சிகள். அவர்களுக்காக 1962-ல் உண்ணாவிரதம் இருந்தவர் லூயி லெக்வான், எழுபதைத் தாண்டியவர், கடவுளே இல்லை என்கிற ஆள்! 22 நாள் கிடந்தார். அதே வருஷம் ஆகஸ்டில்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது.

அப்பாவிடம் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். கோழை என்பார் என்று எதிர்பார்த்தேன். அல்ஜீரியாவுக்குப் போனவர் அவர். "இரண்டு வருஷமா? பரவாயில்லை, விலை கொடுத்திருக்கிறான்" என்றார். எனக்கு இந்த விஷயத்தில் அவர் அளவுகோல்தான் பிடிக்கும். உங்கள் மருமகன் என்ன விலை கொடுக்கத் தயார் என்று கேளுங்கள். சம்பளம் நின்றுபோகும், கல்யாணம் தள்ளிப்போகலாம், ஊரில் பேசுவார்கள். அத்தனைக்கும் சரி என்றால் அவன் நிஜமாகத்தான் சொல்கிறான்.

தேசமே தெய்வம்

பிரான்ஸ் கதை எல்லாம் சரி. எல்லோரும் இப்படி மலைப்பிரசங்கம் படித்தால் பூஞ்ச்சை யார் காப்பாற்றுவது?

சுபேதார், ஓய்வு, நெல்லிக்குப்பம்

எல்லோரும் படிக்க மாட்டார்கள் சார், பயப்படாதீர்கள். என் சர்வீஸில் நான் பார்த்தது அந்த ஒரு ஹவில்தார்தான். மனசு இல்லாதவனைப் பிடித்து வைத்து பூஞ்ச்சைக் காப்பாற்றவும் முடியாது.

ஐஸ்கம்பெனி மாமா

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதை அவனிடமே போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். லாரியில் குண்டு ஏற்றுவது பற்றி சுபேதார் ஐயா கேட்ட கேள்விக்கு ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை. அப்புறம், வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்கப்போவதில்லை, ராஜினாமாதான் என்றான். யோவான்ஸ்நானன் போர்ச்சேவகர்களிடம் வேலையை விடச் சொல்லவில்லையே, சம்பளம் போதும் என்றிருங்கள் என்றுதானே சொன்னார் என்று எங்கள் ஐயர் சொன்னதை நான் எடுத்து விட்டேன். "அது இயேசு பிரசங்கம் பண்ணுவதற்கு முன்னால், மாமா" என்றான். எனக்கு அதற்கு மேல் வேதம் தெரியாது. அவன் சொல்வது சரி என்று இன்னும் எனக்குப் படவில்லை. ஆனால் பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது.

திங்கட்கிழமை ரயில் ஏறுகிறான். யூனிட் இப்போது அமைதியான ஸ்டேஷனில்தான் இருக்கிறது, போய்ச் சேர்ந்த வாரமே எழுதிக் கொடுக்கிறானாம். வக்கீல் சார், அந்த இரண்டு வரியை உங்களிடம் ஒரு தடவை காட்டிவிட்டுக் கொடுக்கலாமா? ஞாயிறு சாயங்காலம் வில்லியனூரில் இருப்பீர்களா என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், நானே பைக்கில் கூட்டி வருகிறேன். பண்ருட்டிக்கு அக்காவும் நானும் அடுத்த வாரம் போகிறோம்.