சேலம் குகை ஏரியா வீட்டுக் குழு: மே 20, இரவு

கவின் (8:32): மாமா ஏமாத்திட்டீங்க. பொங்கலுக்கு மாடில காட்டுன மூணு மீன், அதான் ஓரியன் பெல்ட் நட்சத்திரம், ஏற்காட்டுல இல்லவே இல்ல

சுதா: லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல அரை மணி நேரமா அண்ணாந்துட்டே நிக்கறான்ண்ணா. மேகமும் இல்ல, நிலாவும் இல்ல

அத்தை: நீங்க குளுகுளுன்னு நட்சத்திரம் தேடுங்க. இங்க கத்திரிச் சூடு செவுத்துல இருந்து இன்னும் எறங்கல, கரண்டும் போயிருச்சு 😤

மணி மாமா: 8 மணிக்கே மேக்கால மறைஞ்சிருச்சு கண்ணு. எந்த நட்சத்திரமும் தினம் ஒரு 4 நிமிஷம் முந்தி உதிக்கும், முந்தி மறையும். மாசத்துக்கு 2 மணி நேரம். தையில இருந்து நீயே கணக்கு போடு

கவின்: ஏன் 4 நிமிஷம்

மணி மாமா: நாம சூரியனைச் சுத்தறோல்ல

மணி மாமா: *சுத்தறோம்ல. தேர்ல கோயிலுக்கு முதுகு காட்டி உக்காந்துக்க. கிழக்கு வீதில கிழக்கு வீதி வீடுங்க தெரியும். மேக்க திரும்புனா வேற வீடுங்க. கோயில் சூரியன், வீடுங்க நட்சத்திரம். நகர்றது தேர் மட்டும்தான்

சுதா: கோயிலுக்கு அந்தாண்ட இருக்கற வீடு?

மணி மாமா: கோயில் மறைச்சுக்கும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு இப்ப அதான் கதி. பகல்ல சூரியன் கூடவே வந்து கூடவே போயிரும். மூணு மீனும் பின்னாலயே போவுது

அத்தை: தீபத்தன்னிக்கு நிலா பக்கத்துல மினுக்குமே, அந்தக் கார்த்திகையா?

மணி மாமா: அதேதான். கார்த்திகை மாசம் சூரியனுக்கு நேர் எதிர்ல, ராத்திரி பூரா இருக்கும். வைகாசில சூரியனோட ஒட்டிக்கும். நீ காலைல இருந்து திட்டறியே அக்னி நட்சத்திரம், அது இதான்

அத்தை: தீபம் ஏத்திக் கும்பிட்டதையா திட்டுனேன் 🙈

அம்மாயி: 🎤 0:26

சுதா: இங்க சத்தத்துல கேக்கல, யாராச்சும் எழுதுங்க

மணி மாமா: அம்மா சொல்லுது: "ஆடிப் பதினெட்டுக்கு விடியக்காலம் கெணத்துல தண்ணி எறைக்க மாட்டைக் கவலைல பூட்ட எந்திரிச்சா அந்த மூணு மீனு கெழக்க ஒரு பனை ஒசரத்துல நிக்கும். தையில பொழுது சாஞ்சதுமே நிக்கும். எங்களுக்கு ஏது கடியாரம்?"

மணி மாமா: சரியாத்தான் சொல்லுது. கவின், ஆடி 18 காலைல 4:30க்கு எந்திரி, காட்டறேன்

கவின்: 4:30ஆ 😭

மணி மாமா: அப்ப இப்பவே தெக்க பாரு. சேலம் லைட்டுக்கு மேல நாலு மீன், சிலுவை மாதிரி. திரிசங்குன்னு பேரு. 9 மணிக்கு நேரா நிக்கும், அடில இருக்கறதுதான் ரொம்பப் பளிச்சுன்னு இருக்கும்

கவின் (8:58): இருக்கு!! அம்மாவும் பாத்துட்டாங்க

மணி மாமா: தை மாசம் இந்நேரத்துக்கு இது உதிச்சே இருக்காது. இப்ப இதோட முறை

அத்தை: புழுக்கம் தாங்காம மாடிக்கு வந்தேன். கீழாப்ல கோணலா நாலு புள்ளி, அதானா?

மணி மாமா: அதேதான்

அத்தை (9:04): கரண்ட் வந்திருச்சு. தெரு லைட்டுல உங்க திரிசங்கைக் காணோம். நான் ஃபேனுக்குப் போறேன்