ஜி6பிடி குறைபாடு: மகனுக்கு எதைத் தவிர்ப்பது?

கேள்வி: போன மாதம் காய்ச்சலோடு என் மகனுக்கு (வயது 4) சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது, கண் மஞ்சளாகி ஆளே துவண்டுவிட்டான். பரிசோதித்து, ஜி6பிடி என்ற நொதி (சிவப்பணுவைக் காக்க உதவும் புரதம்) குறைவு என்றார்கள். எனக்கும் கணவருக்கும் ஒன்றுமில்லை, இவனுக்கு மட்டும் எப்படி?

பதில்: அந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது அக்கா. உங்களுக்கு இரண்டு எக்ஸ், ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். பையனுக்கு ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. உங்கள் தவறு இல்லை, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள்.

பதில்: லேபில் வேலை பார்க்கிறேன். இந்த நொதி என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறைத் தயாரிக்க உதவுகிறது, அது இருந்தால்தான் குளுடாதையோன் என்ற காப்புப் பொருள் செல்லைக் காக்க முடியும். மற்ற செல்களுக்கு என்ஏடிபிஎச் தயாரிக்க வேறு வழிகளும் உண்டு, சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது, அதனால் அதுதான் உடைகிறது. மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுயின், அப்புறம் தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன், இரண்டும் ஆபத்து. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். பீரோவில் நாப்தலீன் அந்துருண்டை இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

கேட்டவர்: திறந்து பார்த்தேன், அவன் ஸ்வெட்டர் மடிப்புக்குள்ளேயே நான்கு உருண்டை. எடுத்துவிட்டேன். பாப்பாவுக்கும் பரிசோதிக்கணுமா?

பதில்: சரி, அவளுக்கும் பார்த்துவிடுங்கள். பெண் குழந்தைகளுக்கும் சில சமயம் அளவு குறைவாக இருக்கும்.