மறு: ஃபியூயல் ஸ்டார்வேஷன் – 'பற்றாக்குறை' பொருந்துமா?

வணக்கம். படகின் பின்பக்கம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் கையேட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சுக்கு என் பதில் இது. 'ஃபியூயல் ஸ்டார்வேஷன்' என்பது எஞ்சினுக்கு எரிபொருள் போதிய அளவு வந்து சேராத கோளாறு.

> எரிபொருள் பற்றாக்குறை என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். அவுட்போர்டு எஞ்சின் கையேட்டில் 'பற்றாக்குறை' என்று படித்தவர் முதலில் டேங்க் மூடியைத்தான் திறந்து பார்ப்பார். உள்ளே பெட்ரோல் தளும்பிக்கொண்டிருக்கும். எஞ்சினுக்கு வந்து சேராததுதான் கோளாறு. மேட்டூர் அணைச் செய்தியில் நீர் இருப்பு வேறு, நீர்வரத்து வேறு என்று தினமும் படிக்கிறோமே; அந்த வரத்துதான் இங்கேயும் குறைகிறது. 'எரிபொருள் வரத்துக் குறைவு' என்பது என் பரிந்துரை. 'எரிபொருள் பட்டினி' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சிரிக்க நன்றாக இருக்கிறது, கையேட்டுக்கு ஆகாது.

> வரத்துத் தடை, அல்லது அடைப்பு?

அடைப்பு ஒரு காரணம் மட்டுமே. ஓஸ் கிளிப் தளர்ந்து காற்றை இழுத்தாலும் எஞ்சின் திணறும். எஞ்சினில் உள்ள ஃபியூயல் பம்பின் டயாபிரம் (மெல்லிய சவ்வு) கிழிந்தாலும் திணறும். இரண்டிலும் அடைப்பே கிடையாது. கோளாறின் பெயரிலேயே காரணத்தை ஏற்றிவிட்டால், படிக்கிறவர் நல்ல ஃபில்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றிக்கொண்டிருப்பார்.

அடுத்து பிரைமர் பல்ப். டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓஸில் இருக்கும் ரப்பர் உருண்டை. இதை அமுக்கித்தான் எரிபொருளை எஞ்சினுக்கு ஏற்றுகிறோம். அதற்குச் சொல்லப்பட்ட 'முதல்நிரப்பி' என்ற சொல்லில், அது கையால் அமுக்குகிற பொருள் என்பதற்கான சாடையே இல்லை. 'எண்ணெய் ஏறலை' என்றுதான் பேசுகிறோம். அதனால் 'ஏற்றுகுமிழ்'. சொல் நிற்குமா என்று பார்க்க, கையேட்டின் பழுதுபார்ப்புப் பகுதியை அதை வைத்தே எழுதிப் பார்த்தேன்:

"டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்துவிடவும். ஏற்றுகுமிழின் அம்புக்குறி எஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். அந்த முனை மேலே வரும்படி பிடித்து, குமிழ் இறுகும்வரை அமுக்கவும். கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்தால் குமிழ் தானாக இறுகும். எவ்வளவு அமுக்கியும் இறுகாவிட்டால், எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது குமிழின் ஒருவழி வால்வு போய்விட்டது. ஓடும்போது குமிழ் சப்பிப் போனால் டேங்க் பக்கம் அடைப்பு. காற்றுத் திருகு மூடிக் கிடந்தாலும் இப்படித்தான் ஆகும். அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடி, விட்டதும் நின்றால், எஞ்சின் பம்பைச் சந்தேகிக்கவும்."

என் காதுக்கு உறுத்தவில்லை. 'ஒருவழி வால்வு', 'டயாபிரம்' இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். கடையில் போய்க் கேட்டு வாங்கும் உதிரிப் பாகத்துக்குப் புதுப்பெயர் வைத்தால் கடைக்காரர் விழிப்பார். ஏற்றுகுமிழுக்கும் அதே சிக்கல் உண்டு என்பது தெரியும். முதல் தடவை வரும்போது 'பிரைமர் பல்ப் எனப்படும் ஏற்றுகுமிழ்' என்று எழுதினால் போதும்.

ஏர் லாக், வேப்பர் லாக் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டாம். முன்னது காற்றடைப்பு: ஓஸில் காற்று புகுந்து எரிபொருள் வராமல் போவது. பின்னது ஆவியடைப்பு: சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போது, எஞ்சின் மூடிக்குள் இருக்கும் வெக்கையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை மறிப்பது. குழாயைக் குளிரவிட்டால் ஆவியடைப்பு சரியாகிவிடும். காற்று இழுக்கிற ஓஸை எவ்வளவு நேரம் ஆறவிட்டாலும் பயனில்லை.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிச் சற்று ஓடவிட வேண்டும். மறந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கி, ஆறிய எஞ்சின் மறுநாள் லேசில் கிளம்பாது. கையேட்டில் இதையும் வரத்துக் குறைவில் சேர்த்திருக்கிறார்கள். வரத்தில் குறையே இல்லையே, வந்து கிடக்கிற எண்ணெய்தான் வேறு. அதைத் தனித் தலைப்பாக்க வேண்டும். பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றும் திருகுக்கு 'மாற்றுத் திருகு' என்றால் காற்றுத் திருகோடு குழம்பும். 'எண்ணெய்த் திருப்பி' சரிவருமா? கடலோர ஊர்க்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.