ஹாரி பாட்டரை மூன்று முறை படித்தவளுக்கு அடுத்து என்ன வாங்குவது?

கேள்வி: மாடிவீட்டு அத்தை

என் அண்ணன் மகளுக்கு அடுத்த மாதம் 13 வயது ஆகிறது. ஹாரி பாட்டர் ஏழு பாகத்தையும் மூன்று முறை படித்து முடித்துவிட்டாள். பிறந்தநாளுக்கு "அதே மாதிரி வேற ஒண்ணு" வேண்டுமாம். சரி என்று புத்தகக் கடைக்குப் போய், பெண் குழந்தைக்கு ஒரு பேன்டஸி கதை வேண்டும் என்றேன். கடைப் பையன் யோசிக்கவே இல்லை. 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் பாகத்தை எடுத்து நீட்டினான். "இதுலயும் டிராகன் வரும் மேடம்" என்றான். நல்லவேளை, பஸ்ஸில் வரும்போது நடுவில் பிரித்துப் பார்த்தேன். இப்போது அது என் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

நான் படித்த மாயாஜாலம் எல்லாம் அம்புலிமாமாவோடு சரி. இணையத்தில் தேடினால் ஹை பேன்டஸி, எபிக், அர்பன், போர்ட்டல், கிரிம்டார்க் என்று ஓட்டல் மெனு மாதிரி நீண்டுகொண்டே போகிறது. இவை நிஜமாகவே வேறு வேறு வகைகளா, விற்பனைக்காக வைத்த பெயர்களா? அவளுக்கு எந்த வகை வாங்கலாம்? 1000 ரூபாய்க்குள் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு புத்தகம் தண்டம்.

பதில் 1: வாடகை நூலகம்

சகோதரி, 22 வருடம் வாடகை நூலகம் நடத்தியவன் நான். பேன்டஸிக்கு என்னிடம் ஒரே தட்டுதான். அதனால் உங்களுக்கு நடந்தது என் வாடிக்கையாளர்களுக்கும் நடந்திருக்கிறது. டோல்கீனை வாங்கிப் போன ஒரு பெண் மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுவந்து, "எவ்வளவு பக்கம் புரட்டினாலும் நடந்துக்கிட்டே இருக்காங்க சார்" என்றாள். அதற்கப்புறம்தான் புத்தகம் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேட்கப் பழகினேன். மந்திரம் எங்கே இருக்க வேண்டும்?

நம் உலகத்துப் பிள்ளை ஏதோ ஒரு வாசல் வழியாக வேறு உலகத்துக்குப் போனால் அது போர்ட்டல். 1950இல் வந்த நார்னியா முதல் கதையில் துணி அலமாரிக்குள் நுழைந்தால் பனிக்காடு. கதையே வேறு உலகத்தில் தொடங்கி அங்கேயே முடிந்தால் ஹை பேன்டஸி. டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்', 1954–55இல் மூன்று புத்தகமாக வந்தது, இந்த வகைக்குத் தலைமகன். அதையே எபிக் என்றும் சொல்வார்கள், ஏனென்றால் அங்கே ஒரு ஆள் பிழைப்பானா என்பதல்ல, உலகமே பிழைக்குமா என்பது கேள்வி. கடைகளில் இரண்டையும் ஒன்றாகத்தான் வைப்பார்கள், அதில் தப்பும் இல்லை. மந்திரம் நம் ஊர் தெருவுக்கே வந்து நின்றால் அர்பன். நீல் கெய்மனின் 'நெவர்வேர்' 1996இல் வந்தது. லண்டன் நகரத்துக்கு அடியிலேயே, மேலே இருப்பவர்கள் கண்ணில் படாத இன்னொரு லண்டன்.

விற்பனைக்கு வைத்த பெயரா என்று கேட்டீர்கள். சில அப்படித்தான். சில பெயர்கள் வாசகர்களும் எழுத்தாளர்களும் உட்கார்ந்து பேசியதில் பிறந்தவை. கோனன் மாதிரியான வாள்வீரன் கதைகளுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று 1961இல் மைக்கேல் மூர்காக் கேட்க, 'ஸ்வோர்ட் அண்ட் சோர்சரி' என்று பெயர் வைத்தவர் ஃபிரிட்ஸ் லைபர். கோனன் முதல் கதை 1932லேயே அச்சில் வந்துவிட்டது. எழுதிய ராபர்ட் ஹோவர்ட் 1936இல் இறந்தும் போனார். பெயர் சூட்டு விழாவுக்குத் தகப்பனே இல்லை! அந்தக் கதைகளில் யாரும் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புவதில்லை. தன் உயிர், தன் பணப்பை, அவ்வளவுதான் கவலை.

கிரிம்டார்க் என்ற சொல் 'வார்ஹேமர் 40,000' என்ற பொம்மைப் படை விளையாட்டின் விளம்பர வரியிலிருந்து வந்தது. எதிர்காலத்தின் கொடிய இருளில் போர் மட்டுமே மிச்சம் என்பது அந்த வரியின் சாரம். நல்லவன் ஜெயிப்பான் என்ற உத்தரவாதம் இல்லாத கதைகளுக்கு இப்போது அந்தப் பெயர். உங்கள் பீரோப் புத்தகத்தையும் பலர் இதில்தான் சேர்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, அதில் மானத்துக்காகச் சாகிற ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் 13 வயதுக்கு வேண்டாம், நீங்கள் படியுங்கள்.

இப்போது ஹாரி பாட்டருக்கு வருவோம். அது எந்தத் தட்டிலும் ஒழுங்காக உட்காராது. ஸ்டேஷன் சுவருக்குள் புகுந்து போகிறார்கள், அது வாசல். லண்டன் தெருவிலும் மந்திரம் இருக்கிறது, அது அர்பன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது விடுதிப் பள்ளிக்கூடக் கதை. இங்கிலாந்தில் அது மந்திரமே இல்லாமல் ரொம்ப காலமாக எழுதப்பட்ட வகை. வில்லன் உயிரைத் துண்டு போட்டு ஒளித்து வைப்பது மட்டும் நமக்குப் புதிதே அல்ல. ஏழு கடல் ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதியை நம் பாட்டிகளே கொன்றிருக்கிறார்கள்.

ஆகவே "அதே மாதிரி" என்றால் எது மாதிரி என்று அவளையே கேளுங்கள். பள்ளிக்கூடம்தான் என்றால் உர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'. 1968இல் வந்தது, ஹாரி பாட்டருக்கு 29 வருடம் மூத்தது. ஆடு மேய்க்கும் பையன் ஒரு தீவில் இருக்கும் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். வீம்புக்குச் செய்த ஒரு மந்திரத்தால் ஒரு நிழல் வெளியே வந்து அவனைத் துரத்துகிறது. சின்னப் புத்தகம். முக்கியமாக, அவன் செம்பு நிறத்தவன், அவனுடைய உயிர் நண்பன் நல்ல கறுப்பு. அவனுக்கு முதல் மந்திரம் சொல்லிக் கொடுப்பதும் ஒரு 'ஆன்ட்'தான். அம்மாவின் சகோதரி என்பதால் நம் கணக்கில் பெரியம்மாவோ சித்தியோ ஆகிவிடுகிறாள், அத்தை இல்லை. கோபிக்காதீர்கள்.

பதில் 2: இரும்பும் எஃகும்

சார், உங்கள் வாசல் கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் இடிக்கும். டயானா வின் ஜோன்ஸின் 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' (1986) எந்தத் தட்டு? கதை மந்திர உலகத்தில் நடக்கிறது. ஆனால் கோட்டையின் ஒரே கதவு, பிடியைத் திருப்பத் திருப்ப வேறு வேறு ஊரில் திறக்கிறது. அதில் ஒரு ஊர் நம் உலகத்து வேல்ஸ்! அங்கே ஒரு பையன் கம்ப்யூட்டரில் கேம் விளையாடிக்கொண்டிருக்கிறான். பெரிய மந்திரவாதியின் சொந்த ஊரும் அதுதான். வாசல் தலைகீழாகத் திறக்கிறதே சார்?

என் கட்சி வேறு. மந்திரத்துக்கு விதி இருக்கிறதா இல்லையா என்றுதான் நான் பார்ப்பேன். பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' (2006) உலகத்தில் உலோகத்தை விழுங்கி வயிற்றில் 'எரிக்க' வேண்டும். இரும்பு எரித்தால் சுற்றியுள்ள உலோகத்தை இழுக்கலாம், எஃகு எரித்தால் தள்ளலாம். கீழே ஒரு நாணயத்தைப் போட்டு, அதைத் தள்ளியே மேலே எழும்புவார்கள். மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு அந்தச் சண்டைக் காட்சிகள் பரீட்சைக் கணக்கு மாதிரி இனித்தன. இதை ஹார்ட் மேஜிக் என்பார்கள். மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று வாசகருக்கு எவ்வளவு புரிகிறதோ அவ்வளவுக்குத்தான் அதை வைத்துச் சிக்கலைத் தீர்க்கலாம் என்பது சாண்டர்சனே வகுத்த விதி. கடைசி நிமிடத்தில் சாமி வந்து காப்பாற்றுவது செல்லாது.

அக்கா, கதாநாயகி 16 வயதுப் பெண்தான், ஆனால் ரத்தம் கொஞ்சம் அதிகம். 15 வயதில் கொடுங்கள்.

பதில் 3: கரும்பலகை

நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ஒரே புத்தகத்தை மூன்று முறை படிக்கிற பிள்ளைக்குக் கதையைவிட அந்த ஆட்களோடு இருப்பதுதான் பிடித்திருக்கிறது. வகையை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். டெர்ரி பிராட்செட்டின் 'த வீ ஃப்ரீ மென்' (2003) வாங்குங்கள். டிஃபனி என்ற 9 வயதுச் சிறுமி, தம்பியைத் தூக்கிப் போன தேவதை ராணியை எதிர்த்து வாணலியோடு கிளம்புகிறாள். அந்தத் தம்பியை அவளுக்கு அப்படியொன்றும் பிடிக்காது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இது டிஸ்க்வேர்ல்ட் வரிசை. மொத்தம் 41 நாவல்கள். முதல் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். 1983இல் வந்த அது, அதற்கு முந்தைய வாள்வீரன் கதைகளைக் கிண்டல் செய்வது. அவற்றைப் படிக்காத பிள்ளைக்குப் பாதி சிரிப்பு போய்விடும்.

பதில் 4: வாடகை நூலகம்

தம்பி, ஹவுல் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். என் நூலகத்தில் அது சிறுவர் தட்டில் இருந்தது. அதனால் யோசிக்கவே இல்லை.

பதில் 5: மாடிவீட்டு அத்தை

எல்லாருக்கும் நன்றி. அவளைக் கேட்டேன். "ஸ்கூல் இருக்கணும், ஆனா ஹோம்வொர்க் வேண்டாம்" என்றாள். எர்த்சீயும் டிஃபனியும் வாங்கினேன், இரண்டும் சேர்த்து பட்ஜெட்டுக்குள் முடிந்தது.

டிஃபனியை இன்னும் தொடவில்லை. எர்த்சீயை இரண்டே நாளில் முடித்தாள். அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் உண்மையான பெயர் ஒன்று உண்டாம், அதை நம்பிக்கையான ஆளிடம் மட்டும்தான் சொல்வார்களாம். நேற்று ராத்திரி மொட்டை மாடியில் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "அத்தை, உன் நிஜப் பேரு என்ன?" என்றாள். சர்டிபிகேட்டில் இருப்பதா, வீட்டில் கூப்பிடுவதா என்று கேட்டேன். "ரெண்டும் இல்ல. அந்தப் பையனுக்கும் 13 வயசுலதான் பேர் வெச்சாங்க. எனக்கு நீ வை" என்றாள்.

வைத்தேன். இங்கே சொல்ல மாட்டேன்.