மறு: ஒடுக்கும் வாயுவா, ஒடுக்குவளியா?

அன்புடையீர்,
மேல்நிலை வகுப்புக்கான ஆய்வகக் கையேடு வரும் திங்களன்று வேலூர் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அமிலம் சேர்த்த பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் நனைத்த வடிதாளைக் கந்தக டைஆக்சைடு வெளிவரும் குழாயின் வாயில் காட்டினால், ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும். இப்படி எதிரிலுள்ள பொருளுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் வாயுக்களுக்குக் கையேடு முழுவதும் ஒரே பெயர் வேண்டும். ‘ஒடுக்கும் வாயு’ என்று எழுதிப்போட்டதை மாணவி ஒருவர் ‘ஒடுங்கும் வாயு’ என்று படியெடுத்துவிட்டார், பொருள் தலைகீழாகிவிட்டது. வேறு சொல் உண்டா?
– காட்பாடி

ஐயா,
சொல்லை மாற்ற வேண்டாம். அந்த ஓரெழுத்து வேறுபாட்டையே பாடமாக்கலாம். ஒடுங்குதல் தன்வினை, ஒடுக்குதல் பிறவினை. வாயு ஒடுக்குகிறது, குரோமியம் ஒடுங்குகிறது, அதன் ஆக்சிஜனேற்ற எண் ஆறிலிருந்து மூன்றாகிறது. ஈழத்துப் பாடநூல்களின் ‘தாழ்த்தல்’ எண் குறைவதை நேராகவே சொல்கிறது என்றாலும், நம் வகுப்பறையில் அச்சொல் யாரையேனும் சுடும். பெயரெச்சமாக நீட்டாமல், ஊறுகாய் போல வினைத்தொகையாக ‘ஒடுக்குவாயு’ என்று ஆளலாம். ‘ஊக்க முடையான் ஒடுக்கம்’ என்ற குறளில் வரும் ஒடுக்கம், பாய்வதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவின் ஒடுக்கம். அடக்குமுறை என்ற ஒரே பொருளில் அச்சொல்லைக் கேட்டுப் பழகிவிட்டோம்.

தோல் பதனிடும் தொழிலில் டைகுரோமேட்டோடு கந்தக அமிலமும் வெல்லப்பாகும் சேர்த்துக் குரோமியக் கரைசல் காய்ச்சியதுண்டு. அங்கே ஒடுக்கியது வாயு அன்று, சர்க்கரை. ஆரஞ்சு பச்சையான கதை மட்டும் ஒன்றே. இராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.
– ஆம்பூர்

பெருமக்களே,
பாதிக்கிணறு தாண்டிவிட்டீர்கள். ‘வாயு’ வடசொல், ‘ஒடுக்குவளி’ என்பதே முறை. ‘வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்று புறநானூறு பாடிய மொழிக்கு இரவல் எதற்கு?
– ஆற்காடு

ஐயா,
அந்தப் பாட்டில் வளி கடலில் நாவாய் செலுத்திய காற்று. குழாய்க்குள் அடைபட்டிருப்பதற்கு அப்பெயர் பொருந்துமா என்பது ஒருபுறமிருக்க, பொதுத்தேர்வு வினாத்தாளில் ‘வாயு’ என்று பார்த்துப் பழகிய பிள்ளை, கையேட்டில் ‘வளி’ என்று கண்டால் வேறொரு பொருளென்றே எண்ணும்.

சொல்லைவிட எனக்குக் கவலை தருவது கையேட்டில் அத்தலைப்பின் கீழ் வரும் சோதனைப் பட்டியல். ஹைட்ரஜன் சல்ஃபைடு லெட் அசிட்டேட் தாளைக் கருக்குவதையும் அதில் சேர்த்திருக்கிறீர்கள். அது லெட் சல்ஃபைடு வீழ்படிவாவதால் வரும் கருமை. எலக்ட்ரான் எதுவும் கைமாறுவதில்லை. அதே வாயுவை அமிலம் சேர்த்த டைகுரோமேட் கரைசலில் செலுத்தினால்தான் ஒடுக்கம் நிகழும். கரைசல் பச்சையாவதோடு கந்தகம் பிரிந்து கலங்கலாகும். கந்தக டைஆக்சைடு சல்ஃபேட்டாகக் கரைந்துவிடுவதால் அங்கே பச்சை தெளிவாக நிற்கும். ஆகவே ‘ஒடுக்குவாயுச் சோதனைகள்’ என்ற தலைப்பின் கீழ் டைகுரோமேட்டையும், ஊதா நிறம் இழக்கும் பெர்மாங்கனேட்டையும் மட்டும் வைத்து, லெட் அசிட்டேட்டைத் தனியே பிரித்துவிடுங்கள்.
– குடியாத்தம்

அனைவருக்கும் நன்றி. லெட் அசிட்டேட்டைப் பிரித்துவிட்டேன். என்னையும் சேர்த்து மூவர் ‘ஒடுக்குவாயு’ என்பதால் அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.
– காட்பாடி

அனுப்புங்கள். சொல்லடைவிலாவது ‘ஒடுக்குவளி’யை அடைப்புக்குறிக்குள் சேருங்கள், அதற்கும் மனமில்லையென்றால் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.
– ஆற்காடு