புகார்க் கடிதத்தின் ஆங்கிலத்தில் ஓர் உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். அப்பாவின் கண்புரை அறுவை சிகிச்சைச் செலவைத் தர மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்ப, மாமா பழைய வக்கீல் நோட்டீஸ்களைப் பார்த்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். படித்தால் எனக்கே வியர்க்கிறது.

'ஐ டேக் ஸ்ட்ராங் எக்ஸெப்ஷன் டு' என்பது கடும் ஆட்சேபம், அது இருக்கட்டும். 'ஃபெய்லிங் விச் ஐ ஷல் பி கன்ஸ்ட்ரெய்ன்ட் டு' என்றால், தவறினால் வேறு வழியின்றி நடவடிக்கை எடுப்பேன் என்று பொருள். ஆனால் எந்தத் தேதிக்குள் என்று கடிதத்தில் எங்குமே இல்லை. கெடு இல்லாத மிரட்டலை யார் மதிப்பார்கள்?

என் பெரிய சந்தேகம், தலைப்பில் தடித்த எழுத்தில் நிற்கும் 'வித்தவுட் பிரெஜுடிஸ்'. சமரசப் பேச்சில் சொல்வது பின்னர் நமக்கு எதிரான சான்றாகக் கூடாது என்பதற்காக அதைப் போடுவார்கள். நாங்களோ முழுத் தொகையையும் கேட்கிறோம், சமரசம் பேசவில்லை. நிறுவனம் மீண்டும் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரான ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம் (அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை). அப்போது இதே கடிதத்தைத்தான் இணைக்க வேண்டும். அந்தச் சொற்கள் அங்கே இடைஞ்சலாகுமா? நீக்கிவிடலாமா?

வழக்கறிஞர்களும் காப்பீட்டுத் துறையில் பணியாற்றியவர்களும் சொல்லுங்கள். காரணத்தோடு சொன்னால் நல்லது. மாமாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.