அக்கா மகளுக்கு ஒரு வொண்டர் வுமன் பொம்மை வேண்டும், உதவுங்களேன்

வணக்கம். அக்கா மகளுக்கு அடுத்த மாதம் பத்து வயது. சரியான காமிக்ஸ் பைத்தியம். அவளையும் கூட்டிக்கொண்டு பொம்மை வாங்கப் போனேன். ஆண் நாயகர்கள் எல்லாம் சண்டைக்குத் தயாராக நிற்கிறார்கள். பெண்கள் மட்டும் இடுப்பை முறுக்கி, மார்பும் பின்புறமும் ஒரே பக்கம் தெரிய நிற்கிறார்கள். "சித்தி, இவங்களுக்கு முதுகு வலிக்காதா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இது புதிதல்ல. 2007ல், உள்ளாடைப் பட்டி தெரியக் குனிந்து ஸ்பைடர்மேன் உடையைத் துவைக்கும் அவன் காதலி மேரி ஜேனின் சிலை வந்து பெரிய சர்ச்சையானது. அதையாவது பெரியவர்கள் சேகரிப்பது என்று சமாளிக்கலாம். 2016ல், அயர்ன் மேன் போலக் கவசம் அணியும் நாயகி ரிரி வில்லியம்ஸை வயிறு தெரிய, கவர்ச்சியாக வரைந்திருந்த அட்டைப்படத்தை எதிர்ப்புக்குப் பிறகு காமிக்ஸ் நிறுவனமான மார்வல் கைவிட்டது. கதையில் அந்தப் பெண்ணுக்கு 15 வயதுதான்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிறுமிகளை மனதில் வைத்தே பொம்மை நிறுவனமான மேட்டல் செய்த டிசி சூப்பர் ஹீரோ கேர்ள்ஸ் வரிசையில் வொண்டர் வுமனோ பேட்கேர்ளோ யாரிடமாவது இருக்கிறதா? பழையது, பெட்டி இல்லாதது எதுவானாலும் பரவாயில்லை. இரண்டாயிரம் ரூபாய் வரை தருவேன். அதே மாதிரி வேறு வரிசை தெரிந்தாலும் படத்தோடு சொல்லுங்கள். படம் அவசியம், பெயரை நம்பி ஏற்கெனவே ஒன்று வாங்கி அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், அந்த முதுகுவலிக் கேள்விக்கு உங்கள் வீட்டில் என்ன பதில் சொல்வீர்கள்?